ஹெவி லைசென்ஸ் டெஸ்டுக்கு எந்த வண்டியைக் கொண்டுபோகக் கூடாது?

பர்கூர் கிரானைட் ஏற்றும் லாரியும் ராயக்கோட்டை தக்காளி ஏற்றும் லாரியும் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் தெருவுக்கு ஒன்று நிற்கும். அதனால் டெஸ்டுக்கு வண்டி கிடைப்பது சுலபம். பொருந்தாத வண்டி கிடைப்பதும் அதே அளவு சுலபம்.

பலர் செய்யும் தவறு, பழகாத வண்டியில் போய் நிற்பது. என் சித்தப்பா மகன் ஒரு மாதம் பழகிய லாரி டெஸ்ட் அன்று லோடுக்குப் போய்விட்டது. சொந்தக்காரர் ஒருவருடைய பழைய வண்டியை வாங்கிக்கொண்டு போனோம். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். அவன் முறை வந்ததும் சாவி போட்டான், கியர் போட்டான், கிளட்சை விட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆனது. மறுபடியும் அதே கதை. "நகரவே மாட்டேங்குதுண்ணா" என்று ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தபோது அவன் முகம் வெளிறியிருந்தது. நின்ற நேரத்தில் எங்கோ கசிந்து பிரேக்குக்கான ஏர் இறங்கிவிட்டது, அந்த அழுத்தத்தைக் காட்டும் கேஜ் முள் அடியில் கிடந்தது. ஏர் ஏறாமல் பார்க்கிங் பிரேக் விடாது. இன்ஜினை ஓடவிட்டு முள் ஏறும்வரை காத்திருந்தால் போதும். பதற்றத்தில் அவன் கேஜைப் பார்க்கவே இல்லை. அப்புறம் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி வர முடிந்தது. மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

கிளட்சும் அப்படித்தான். ஒரு லாரியில் பாதியிலேயே பிடிக்கும், இன்னொன்றில் மேலே வந்த பிறகுதான் பிடிக்கும். அது காலுக்குப் பழக்கமாக வேண்டும்.

அடுத்தது, பார்த்தால் லாரி மாதிரி இருக்கிறது என்று டாடா 407 மினி லாரியை எடுத்துக்கொண்டு போவது. உருவத்தைப் பார்க்காதீர்கள், ஆர்சி புத்தகத்தில் மொத்த எடையைப் பாருங்கள். 7,500 கிலோ வரை இலகு ரகம், 12,000 வரை நடுத்தரம், அதைத் தாண்டினால்தான் ஹெவி. குட்டியானையோ (டாடா ஏஸ்) 407-ஓ மட்டும்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஹெவி டெஸ்டே வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குக் கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிலர் பெருமைக்காகப் பத்துச் சக்கர டாரஸ் லாரியைக் கொண்டுபோவார்கள். நீளம் கூடக்கூட ரிவர்ஸில் பின்பக்கம் எங்கே போகிறது என்று கண்ணாடியில் பிடிபடாது. மொத்த எடை 16 டன் உள்ள ஆறு சக்கர லாரி தாராளமாகப் போதும்.

காகிதங்களை முதல் நாளே பாருங்கள்: எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று. லோடுக்கு ஓடும் வண்டிகளில் எஃப்சி முடிந்துபோனது தெரியாமலே இருக்கும். முன்னும் பின்னும் எல் போர்டு வேண்டும். உங்களுக்கு இருபது வயது முடிந்து, கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல் தரும் பயிற்சிச் சான்றான படிவம் 5-ம் வேண்டும்.

பிரேக் சரியில்லாத வண்டியை "சும்மா டெஸ்டுக்குத்தானே" என்று தள்ளிக்கொண்டு போகாதீர்கள். இந்த லைசென்ஸை வாங்கிக்கொண்டு நாளைக்கே தொப்பூர் கணவாயில் லோடுடன் இறங்கப்போவது நீங்கள்தான். அங்கே எத்தனை லாரிகள் பிரேக் பிடிக்காமல் போயின என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாம் முறை தம்பி தான் பழகிய லாரியிலேயே போனான். கூப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே இன்ஜினைப் போட்டு, முள் மேலே ஏறும்வரை கேஜையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.