கட்டியவரிடமே கேட்ட சந்தா

ஈரோட்டில் எங்கள் கட்டடப் பொறியாளர் சங்கத்துக்கு நான் பொருளாளர். சந்தா பாக்கிப் பட்டியலை அனுப்பியதும் பவானி, பெருந்துறையிலிருந்து ஒரே குரல்: "கட்டிவிட்டேனுங்களே!" நான்கு நாள் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டேன், பைசா பிசகவில்லை. ஆயுள், சாதாரண, மாணவர் பிரிவுகள் கலந்துவிட்டனவோ என்று பதிவேட்டையும் புரட்டினேன். வீண் வேலை.

ஐந்தாம் நாள்தான் ரசீதின் மூலையைக் கவனித்தேன். 'ஆண்டு 2024' என்று மட்டும் இருந்தது. எங்கள் கணக்காண்டோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. பிப்ரவரியில் சேர்ந்தவரிடம் முழுச் சந்தா வாங்கி, ஏப்ரலில் மறுபடியும் கேட்டிருக்கிறோம்! இப்போது ரசீதில் தொடங்கும் மாதம், முடியும் மாதம் இரண்டையும் எழுதுகிறோம்; ஜனவரிக்குப் பின் சேர்ந்தால் அடுத்த ஆண்டு மார்ச் வரை செல்லும். துணைவிதித் திருத்தம் என்பதால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவாளரிடம் தாக்கல் செய்தோம். பாக்கியில் மிஞ்சியவர்கள் நால்வர். அவர்கள் நிஜமாகவே கட்டாதவர்கள்.