தானே கழுவப் பழகட்டும்

முன்பள்ளிக்கு விடும் முன் எழுத்தெல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். கக்கூஸ் போனால் கழுவத் தெரியுமா என்று பார்ப்பதில்லை. என் மகள் கல்லடியில் நேர்சரி தொடங்கிய முதல் வாரம், வீடு வரும்வரை அடக்கிக்கொண்டே இருந்தாள். வீட்டில் அழுத்தினால் பீச்சும் பைப். அங்கே வாளியும் கோப்பையும். அதுதான் சிக்கல்.

கிணற்றடியில் ஒரு பிளாஸ்டிக் பந்தில் மசித்த வாழைப்பழத்தைப் பூசிக் கொடுத்தேன். வலக்கையால் தண்ணீர் ஊற்று, இடக்கையால் தேய், வழுவழுப்புப் போகும்வரை. சிரித்துச் சிரித்தே மூன்று நாளில் பழகிவிட்டாள். அப்புறம் குந்தியிருந்து அதையே செய்யவைத்தேன். பெண் பிள்ளை என்றால் முன்னிருந்து பின்னாகத்தான் கழுவ வேண்டும். மாறினால் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகலாம். அவசரத்தில் மறந்துவிடுவார்கள், கொஞ்ச நாள் பக்கத்தில் நில்லுங்கள்.

பிறகு சவர்க்காரம் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும், நகத்தடியையும் சேர்த்து. ஆறுதலாக 20 வரை எண்ணச் சொன்னால் சரி. (என் மகள் 13ஐ விட்டுவிட்டுத்தான் எண்ணுவாள், பரவாயில்லை.) பட்டன் வைத்த காற்சட்டை வேண்டாம், இலாஸ்டிக் போதும். அடக்கி வைத்தால் மலச்சிக்கல் வரும். "டீச்சர், கக்கூஸ் போகணும்" என்று கூச்சமின்றிச் சொல்லவும் வீட்டிலேயே பழக்குங்கள்.