வண்டின் மேல் வாழும் லாபுல்பீனியேல்ஸ் பூஞ்சை: தேடுவது, பிரிப்பது, பதிவது

உயிருள்ள வண்டின் ஓட்டில் ஒட்டி வளரும் இந்தப் பூஞ்சை வழக்கமான பூஞ்சணம் போல நூல் விடுவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு உடல். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வண்டுக்கு வெளியே தட்டில் வளர்த்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே வண்டுதான் உங்கள் ஆதாரம். அதைத் தொலைத்தால் பதிவும் போயிற்று.

வண்டுக்கு வண்டு தொட்டுப் பரவுவதால், ஈரம் வற்றாத, வண்டுகள் நெருங்கி வாழும் இடங்களே நல்லவை. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஓடைக்கரைக் கற்களுக்கு அடியில் தரைவண்டுகளைத் தேடுங்கள். தேங்கிய நீரில் நீர்வண்டுகள், அவரை, உருளைக்கிழங்குச் செடிகளில் பொறிவண்டுகள். காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு வண்டைக்கூட எடுக்காதீர்கள். தோட்டம் என்றால் உரிமையாளரைக் கேளுங்கள்.

பிடித்த வண்டை 70% எத்தனாலில் போடுங்கள். டி.என்.ஏ. எடுக்கும் எண்ணமிருந்தால் 95%. ஒரு குப்பிக்கு ஓர் இனம், ஓர் இடம். உதிர்ந்த பூஞ்சை அடுத்த வண்டில் ஒட்டிக்கொண்டால் எது எதனுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லூரிப் பெட்டியில் ஊசி குத்திய பழைய வண்டுகளையும் விட்டுவிடாதீர்கள். காய்ந்தவற்றிலும் பூஞ்சை உருக்குலையாமல் கிடைக்கும்.

ஸ்டீரியோ நுண்ணோக்கியில் 40 மடங்கில், பக்கவாட்டு ஒளியில் வண்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்: இறக்கையுறையின் ஓரம், கால், உணர்கொம்பு, வயிற்றின் அடி. ரோமம் குழியிலிருந்து கிளம்பிக் கூராக முடியும். நம் பூஞ்சையோ கறுத்த பாதத்தால் ஓட்டில் ஊன்றி, நடுவில் பருத்து, மஞ்சள் முதல் கருப்பு வரை நிறம் காட்டும். ஊட்டி ஈரத்தில் பெட்டி வண்டுகளில் பூக்கும் வெள்ளை நூல் பூஞ்சணம் வேறு. நூல் கண்டாலே அது இதுவல்ல.

பிரிப்பதற்கு முன் இடத்தைக் குறியுங்கள். அவசரத்தில் தவறும் படி இதுதான். ‘இடது இறக்கையுறை, பின் ஓரம்’ என்ற அளவுக்கு எழுதி, படமும் எடுங்கள். ஒரே பூஞ்சை இனம் உடலின் இடத்துக்கேற்ப உருவம் மாறுவதுண்டு. இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அதை இரண்டு இனமாகப் பிரித்துவிடுவீர்கள்.

மெல்லிய பூச்சி ஊசியின் நுனியில் கிளிசரின் தொட்டு, பாதத்துக்கு அடியில் நெம்புங்கள். நடுவில் பிடித்து இழுத்தால் பாதம் வண்டிலேயே நின்றுவிடும். அதன்பின் முழு நீளம் அளக்க முடியாது. ஸ்லைடில் கிளிசரினை மிக மெல்லியதாகத் தடவி, 5 முதல் 10 வரை ஒரே திசையில் படுக்க வையுங்கள். துளி பெரிதானால் அவை மிதந்து ஓரத்துக்கு ஓடும். கவர்ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கி, வழிந்த கிளிசரினை முழுக்கத் துடைத்த பிறகே நெயில் பாலிஷ் பூசுங்கள். பிசுக்கு இருந்தால் பிடிக்காது. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மலை மூடுபனியில் ஒரு பூச்சு நம்பகமில்லை, காய்ந்தபின் இன்னொன்று.

இனி 400 மடங்கு. அடித்தண்டின் செல் வரிசை, பக்கக் கிளைகள், வித்து நிரம்பிய குடுவையான பெரிதீசியம் மூன்றையும் வரையுங்கள். பெரிதீசியம் முதிராத இளம் உடலுக்கு இனப்பெயர் வைக்க வேண்டாம். பாதம் முதல் பெரிதீசியம் நுனி வரை முழு நீளமும், பெரிதீசியத்தின் நீள அகலமும் தனியாக, மைக்ரோமீட்டரில். ஒவ்வொரு லென்ஸையும் அளவு ஸ்லைடால் சரிபார்த்தபின்தான் எண்ணை எழுத வேண்டும். தரைவண்டு என்றால் முதலில் லாபுல்பீனியா பேரினம், பொறிவண்டு என்றால் ஹெஸ்பெரோமைசஸ் பேரினம் என்று தொடங்கலாம். அது தொடக்கம் மட்டுமே. வண்டைப் பார்த்துப் பூஞ்சைக்குப் பெயர் வைப்பது சோம்பேறித்தனம்.

ஸ்லைடுக்கும் வண்டுக்கும் ஒரே எண். சீட்டில் ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், தேதி, வாழிடம், வண்டின் இனமும் பாலினமும். கூடவே எத்தனை வண்டு பார்த்தீர்கள், எத்தனையில் பூஞ்சை இருந்தது என்பதும். ஒன்றுமே இல்லாத குப்பிக்கும் ‘0’ என்று எழுதுங்கள்.