சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கூடுதல் வேகம்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உட்கார்ந்து காவடி, கல்யாண வீடியோக்களை ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்து எடிட் செய்கிறீர்களா? புதுசு வாங்கும் முன், இருப்பதை ஒழுங்காகப் பிரித்துப் பாருங்கள்.

டிஸ்க்குக்குள் சுழலும் தட்டின் வெளிவிளிம்பில் ஒரு சுற்றுக்கு அதிகத் தரவு அடங்கும், சுழலும் வேகமோ ஒன்றுதான், அதனால் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படிக்கும். முதலில் உருவாக்கும் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த தனிப் பகுதி) பொதுவாக அங்கேதான் விழும். ஆகவே 4 டிபி டிஸ்க்கில் முதல் 1 டிபியை இப்போது ஓடும் வேலைக்கு ஒதுக்குங்கள், முடிந்ததெல்லாம் மீதியில். ஆனால் இரண்டு பார்ட்டிஷனிலும் ஒரே நேரத்தில் வேலை வாங்காதீர்கள், தரவைப் படித்து எழுதும் ஹெட் அங்குமிங்கும் அலைந்தே நேரம் போய்விடும்.

இன்னும் வேகம் வேண்டுமா, அப்புறம்தான் ரெய்டு, அதாவது பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை. ரெய்டு 0 தரவைத் துண்டு துண்டாக இரண்டு டிஸ்க்கில் பிரித்து எழுதுவதால் பெரிய ஃபைல்களுக்கு வேகம் இரட்டிப்பை நெருங்கும், ஆனால் ஒன்று செத்தால் எல்லாமே போச்சு. தற்காலிக ஃபைல்களுக்கு மட்டும் சரி. நான் சொல்வது நான்கு டிஸ்க் போட்ட ரெய்டு 10: தரவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் இரண்டு டிஸ்க்கில் நகலாக வைக்கும். ரெய்டு 5 வேண்டாம்: ஒரு சின்ன மாற்றத்துக்குக்கூடப் பழைய தரவையும் பாரிட்டியையும் (ஒரு டிஸ்க் செத்தால் தரவை மீட்க உதவும் கணக்கு) படித்து, இரண்டையும் திரும்ப எழுத வேண்டும், ஆக நான்கு வேலை. அதன் நடுவே கரண்ட் போனால் தரவும் பாரிட்டியும் பொருந்தாமல் நிற்கும், லோட் ஷெடிங் பார்த்த ஊரில் இது சின்ன விஷயமில்லை. எதுவானாலும் யூபிஎஸ் கட்டாயம். எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிய எழுதுவதால் மாற்றி எழுத மெதுவான) டிஸ்க்கை ரெய்டில் சேர்க்காதீர்கள். தனி பேக்கப்பும் வேண்டும், தவறி அழித்ததை எந்த ரெய்டும் மீட்டுத் தராது.