தோப்பைக் கலைக்கும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள்

தோப்பைக் கலைப்பது என்றால், நெருக்கமாக நிற்கும் மரங்களில் சிலவற்றை வெட்டி மற்றவற்றுக்கு இடம் விடுவது. நெருக்கமாக வளர்ந்த தோப்புக்குள் போனதும் நான் பார்ப்பது மரத்தின் தலையைத்தான். அடிமரத்தின் பருமன் அப்புறம். மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது பச்சையாக இருந்தால், இடம் கிடைத்ததும் அந்த மரம் பருக்கும். உச்சியில் ஒரு கொத்து இலையோடு ஒல்லியாக நீண்டுவிட்ட மரம் இனி வெளிச்சம் விழுந்தாலும் தேறுவது கடினம்.

விறகு நினைப்போடு உள்ளே போனால் கை நேராக நல்ல மரத்துக்குத்தான் போகும். பிளக்க அதுதானே சுலபம்! அதனால் வெட்டப்போகும் மரத்துக்கு நான் அடையாளம் வைப்பதில்லை. நிற்கப்போகும் மரத்துக்குத் துணி கட்டுகிறேன். நேரான தண்டு, பரந்த தலை, பட்டையில் காயமோ காளானோ இல்லாதது. பிறகு அதன் அடியில் நின்று மேலே பார்த்து, தலையோடு தலை உரசுகிற மரங்களை மட்டும் வெட்டக் கணக்கில் எடுக்கிறேன். இரண்டு மூன்று பக்கம் திறந்தால் போதும். கீழே நிழலில் நிற்கும் சின்ன மரங்களை வெட்டினால் தோப்பு சுத்தமாகத் தெரியும், ஆனால் பெரிய மரத்துக்கு ஒரு கைப்பிடி வெளிச்சம்கூட அதிகமாகாது. அவற்றை விட்டுவிடுங்கள்.

இலை இருக்கும்போதே துணி கட்டி, இலை உதிர்ந்தபின் வெட்டுவது நல்லது. துளிர்விடும் காலத்தில் பட்டை இளகியிருக்கும். விழும் மரம் லேசாக உரசினாலே நிற்கிற மரத்தின் பட்டை உரிந்துவிடும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒன்றையொன்று அணைத்து வளர்ந்தவை திடீரென்று தனியானால் காற்றில் சாயும், வெயிலில் பட்டை வெடிக்கும். சில வருடம் கழித்து மறுபடி கலைக்கலாம்.

வெட்டியதும் அடிக்கட்டையைக் குனிந்து பாருங்கள். நடுவில் அகலமாக இருக்கும் வளையங்கள் ஓரத்தில் நூல் நூலாக நெருங்கியிருந்தால், நெருக்கடி தொடங்கிய காலம் அங்கேயே தெரியும்.

வெட்டும்போது இரண்டு மர உயரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. விழவேண்டிய பக்கம் ஆப்புபோல் வெட்டி எடுத்து, பின்பக்கம் அறுக்கும்போது இடையில் ஒரு கீற்று மரத்தை அறுக்காமல் விட வேண்டும். 10 அங்குல விட்டமுள்ள மரத்துக்கு அந்தக் கீற்றின் தடிமன் ஏறக்குறைய 1 அங்குலம். மரத்தைத் திசை மாறாமல் இறக்குவது அதுதான். சாயத் தொடங்கியதும், முன்பே சுத்தம் செய்துவைத்த வழியில் பின்பக்கமாகச் சாய்வாக விலகுங்கள். நெருக்கமான தோப்பில் பெரிய ஆபத்து, வெட்டிய மரம் இன்னொன்றில் மாட்டிக்கொள்வது. அதன் கீழே போகவே கூடாது. தாங்கி நிற்கும் மரத்தையும் வெட்டக் கூடாது. பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.

பல மரங்களில் பச்சைக் கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் புகையாமல் எரியும். பச்சையாக இருக்கும்போதே பிளந்து, தரையில் படாமல் கழிமேல் அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களில் காற்று ஓடட்டும். லேசான மரம் ஆறேழு மாதத்தில் காயும், வைரம் பாய்ந்ததற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சரி, மொத்தென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது.