“ஹாய், இருக்கீங்களா?” வேண்டாம்: ஆபீஸ் சாட்டில் புரியும்படி எழுதுவது எப்படி?

ஒரு வெள்ளிக்கிழமை வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய விலைப்பட்டியல் போகவே இல்லை. குழுவில் ஐந்து பேர் இருக்கிறோம். ஐந்து பேருமே வேறு யாரோ அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். சாட்டைத் திறந்து மேலே தள்ளிப் பார்த்தால், செவ்வாயன்று நான்தான் எழுதியிருக்கிறேன்: “விலைப்பட்டியல்ல ஒரு சின்ன மாற்றம் இருக்கு. வெள்ளிக்குள்ள சரி பண்ணி அனுப்பிடலாம்.” கீழே மூன்று கட்டைவிரல். அதோடு சரி.

அதன்பிறகு நான் எழுதுகிற விதத்தை மாற்றிக்கொண்டேன். ஸ்லாக், டீம்ஸ், வாட்ஸ்அப் எதுவானாலும் இதே முறைதான். செயலியை நிறுவுவது, குழுவில் சேர்வது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக எழுத்துக்கு வருகிறேன்.

1. வணக்கமும் விஷயமும் ஒரே செய்தியில்

“ஹாய்” என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்தப் பக்கம் இருப்பவர் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு “சொல்லுங்க” என்று அடித்து, பிறகு நீங்கள் தட்டி முடிக்கும்வரை அந்தப் புள்ளிகள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வணக்கம் சொல்லக் கூடாது என்பதில்லை. வணக்கத்தோடு கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள்.

என்டர் தட்டியதும் பாதிச் செய்தி பறந்துவிடுகிறதா? புது வரிக்கு ஷிஃப்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஸ்லாக்கில் என்டர் தட்டினால் புது வரி வருமாறு அமைப்புகளிலேயே மாற்றிவைக்கலாம். நான் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். நான்கு வரிக்கு மேல் போகும் எதையும் நோட்பேடில் எழுதித்தான் ஒட்டுகிறேன். சாட் பெட்டிக்குள்ளேயே யோசிக்க என்னால் முடியாது.

2. கேட்பதை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள்

தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதனால் காரணம், பின்னணி எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்பதுதான் நமக்கு இயல்பாக வருகிறது. ஆனால் போனில் எட்டிப்பார்க்கும் அறிவிப்பில் தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிதான். “நேத்து மீட்டிங்ல பேசினோமே, அந்த அறிக்கை சம்பந்தமா…” என்று மட்டும் தெரிந்தால் யார் திறப்பார்கள்? முதலில் ஒரு சின்ன வாக்கியம்: “அறிக்கையின் 3-ஆம் பக்கத்தை மட்டும் சரிபார்த்துத் தாங்க.” ஏன், எதற்கு என்பதெல்லாம் அடுத்த வரியில்.

3. ‘லாம்’, ‘ஆச்சு’ இரண்டையும் தேடிப் பிடியுங்கள்

நான் விழுந்த குழி இதுதான். “அனுப்பிடலாம்” என்றால் யார் அனுப்புவது? நானா, நீங்களா, எல்லோருமா? அனுப்ப அனுமதியா, அனுப்பலாம் என்று ஒரு யோசனையா? நேரில் பேசும்போது முகம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். சாட்டில் அந்த முகம் இல்லை.

‘ஆச்சு’ அதற்கும் மேல். “அனுப்பியாச்சு” என்பதில் ஆளே இல்லை. யார் அனுப்பினார், எந்தப் பிரதி, எப்போது, ஒன்றுமே தெரியாது. “பார்க்கிறேன்” என்பதும் இதே ரகம். திறந்து பார்ப்பேன் என்றும் சொல்லலாம், நழுவுகிறேன் என்றும் சொல்லலாம்.

இப்போது அனுப்பும் முன் செய்தியை ஒருமுறை படித்து, ஒவ்வொரு வினைக்கும் “யார்?” என்று கேட்டுப் பார்க்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமைச் செய்தியை இன்று எழுதினால் இப்படி வரும்:

“@பெயர், விலைப்பட்டியலில் வரி விகிதத்தை நீங்க மாத்துங்க. வியாழன் மதியம் 3 மணிக்குள் எனக்கு வேணும். வெள்ளி காலை 10 மணிக்கு வாடிக்கையாளருக்கு நான் அனுப்புறேன். முடியாதுன்னா இன்னைக்கே சொல்லிடுங்க.”

கட்டைவிரலைப் பதிலாக எடுத்துக்கொள்வதையும் விட்டுவிட்டேன். படித்தேன் என்கிறாரா, செய்கிறேன் என்கிறாரா என்று அதில் தெரிவதில்லை.

4. படம் வேண்டாம், எழுத்து போதும்

பிழைச் செய்தியை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினால் எதிரில் இருப்பவர் அதிலிருந்து ஒரு வரியைக்கூட நகலெடுக்கத் திண்டாடுவார். எழுத்தாகவே ஒட்டுங்கள். திரையில் ஒரு பொத்தான் இடம் மாறிக் கிடக்கிறது என்பது போன்றவற்றுக்கு மட்டும் படம்.

பின்சேர்க்கை 1: “வெள்ளிக்குள்” என்றால் வெள்ளியும் சேர்த்தியா என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் வெள்ளி மாலை என்று நினைத்து எழுத, அவர் வியாழன் இரவு என்று படிப்பார். தேதியும் மணியும் போட்டுவிட்டால் வம்பில்லை. வேறு நாட்டில் ஆள் இருந்தால் யாருடைய மணி என்பதையும் எழுதுங்கள். தங்கிலீஷில் அடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: நாலுக்குள், நாளுக்குள் இரண்டையும் பலர் ஒரே எழுத்துகளில்தான் அடிக்கிறார்கள். 4 என்று எண்ணிலேயே போடுங்கள்.

பின்சேர்க்கை 2: “மேலதிகாரியிடம் இப்படி நேரடியாகக் கேட்டால் மரியாதைக் குறைவாகாதா?” என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மரியாதையை ‘ங்க’ பார்த்துக்கொள்ளும். அதற்காகக் கேள்வியை மழுப்ப வேண்டியதில்லை. “சார், உங்களுக்கு நேரம் இருக்கும்போது அந்த விடுப்பு விஷயம்…” என்று இழுத்தால், அது என்ன விஷயம் என்று தேடும் வேலையும் அவர் தலையில்தான் விழும். “சார், 12, 13 ரெண்டு நாள் விடுப்பு வேணும். நாளை மாலைக்குள் சரின்னு சொன்னீங்கன்னா டிக்கெட் போட்டுடுவேன்” என்று நான் அனுப்பியதற்கு நான்கு நிமிடத்தில் “சரி” என்று வந்தது.