பையில் பொட்டலம் சிக்கினால் செய்யக் கூடாதவை

மகனின் பையில் உதட்டுக்குள் அடக்கும் கூல் லிப் புகையிலைப் பொட்டலமோ, பெயர் தெரியாத மாத்திரை அட்டையோ சிக்கியதும் பல வீடுகளில் முதலில் விழுவது அடி. அதற்குப் பிறகு பையன் ஒளிக்கும் இடத்தை மாற்றிக்கொள்வான், அவ்வளவுதான். கோபம் ஆற ஓர் இரவு பொறுங்கள். பிறகு எப்போதிருந்து, வாரத்துக்கு எத்தனை தடவை, யாரோடு என்று மட்டும் கேளுங்கள். கீழ் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள். பொட்டலம் அடக்கும் இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் பழக்கம் புதிதல்ல. எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாக இருந்தால் மட்டும் பொறுக்கக் கூடாது, உடனே 108.

தின்னர், பஞ்சர் சொல்யூஷன் முகர்பவனைக் கையும் களவுமாகப் பிடித்து விரட்டுவது உயிருக்கே ஆபத்து. முகர்ந்த நேரத்தில் இதயத் துடிப்பு எளிதில் தாறுமாறாகும். திடீர்ப் பயமும் ஓட்டமும் சேர்ந்தால் இதயம் நின்றுவிடலாம். குரலை உயர்த்தாமல் காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள்.

மருந்துக் கடை சோதனைக் கிட்டை நம்பித் தீர்ப்பு சொல்வது இன்னொரு தவறு. எப்போதாவது கஞ்சா புகைத்தவரின் சிறுநீரில் அது சில நாளில் மறையும். தினமும் புகைத்தவருக்கு ஒரு மாதம்கூடத் தங்கும். தின்னரையும், இப்போது ஊசியில் ஏற்றப்படும் டேபென்டடால் என்னும் வலி மாத்திரையையும் வழக்கமான கிட் காட்டாது.

அறையில் பூட்டிப் பழக்கத்தை நிறுத்த வைப்பதும் வேண்டாம். தினமும் அதிகம் குடித்தவருக்குக் குடி நின்ற இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். வலி மாத்திரை ஊசியில் சிக்கல் வேறு: சில வாரம் நிறுத்தினாலே உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வெளியே வந்ததும் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம். இரண்டுக்கும் மருத்துவர் மேற்பார்வை வேண்டும்; போதை மீட்பு உதவி எண்ணான 14446-க்கு அழைத்தால் பக்கத்து சிகிச்சை மையத்தைச் சொல்வார்கள். போலீஸுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்டவர் தாமாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி தருகிறது.

பள்ளிகள் போதை ஒழிப்பு நாளான ஜூன் 26-இல் ஒரு பேரணியோடு முடித்துக்கொள்கின்றன. போதைப் பொருள்களின் படங்களை வரிசையாகக் காட்டும் கூட்டம் சிலருக்கு ஆர்வத்தைத்தான் கிளப்பும். நண்பன் நீட்டும்போது மறுக்கும் விதத்தை மாணவர்களையே நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், வருடம் முழுக்க. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கும் கடை மீது புகார் கொடுக்க வேண்டியதும் தலைமையாசிரியர்தான்.